கையில் உள்ளதும் கையின் உரிமையும்

இந்தியக் கிறித்தவத்தின் சமூகப் பணி குறித்துப் பேச்செழும்போதெல்லாம் கட்டடங்களே முதலில் கண்முன் வந்து நிற்கின்றன. மருத்துவமனை, கல்லூரி, அச்சகம், தொழுநோய் இல்லம், மாணவர் விடுதி என்று அப்பட்டியல் நீளும். நிறுவியவர் பெயர், தொடங்கிய ஆண்டு, அனுப்பிய சங்கம் ஆகியவை ஆவணங்களில் துல்லியமாகப் பதிந்துள்ளன. அடுப்படியில் உலைக்கு முன் எடுத்து வைக்கப்பட்ட ஒரு பிடி அரிசிக்கும், கடன்பட்டு வாங்கிய மீன்பிடிப் படகுக்கும், ஒரு பெண்ணின் ஊசிக்கும் நூலுக்கும் அவ்வாவணங்களில் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. கிடைத்தாலும் "உள்ளூர்க் காணிக்கை" என்ற ஒற்றை வரியில் அவை அடங்கிவிடுகின்றன.

இந்தப் பதிவின் கருத்து இரண்டு பகுதிகளைக் கொண்டது. கிறித்தவ நம்பிக்கையின்படி சாதாரண மனிதரின் அன்றாடத் திறனும் உடைமையுமே பணியின் முதல் வடிவம். நிறுவனங்கள் அதன் பின் வந்தவை. இது முதற்பகுதி. கொடுக்கும் கையைப் புகழ்ந்துவிட்டு, அந்தக் கைக்கு முடிவெடுக்கும் உரிமையை மறுக்கும் சபை, தன் நம்பிக்கையின் பாதியை மட்டுமே கடைப்பிடிக்கிறது. இது இரண்டாம் பகுதி. முதற்பகுதி பிரசங்க மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. இரண்டாவது அரிதாகவே கேட்கப்படுகிறது. இரண்டும் ஒரே திருமறையிலிருந்து வருவன என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

திருமறை காட்டும் கைகள்

யாத்திராகமத்தில் மோசே தன் தகுதியின்மையைக் காரணம் காட்டித் தயங்கும்போது, அவன் கையிலிருப்பது என்ன என்றுதான் கேட்கப்படுகிறது. அது ஆடு மேய்ப்பவனின் கோல். புதிய கருவி எதுவும் அவனுக்கு அளிக்கப்படவில்லை. அதே நூலில் ஆசரிப்புக் கூடாரம் அமைக்கப்படும்போது பெசலெயேல் என்னும் கைவினைஞன் பெயர்சொல்லி அழைக்கப்படுகிறான். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்யும் திறமை அவனுக்குள் தேவ ஆவியால் வந்தது என்று நூல் கூறுகிறது. ஆவியின் நிறைவு என்பது இங்கே தீர்க்கதரிசனத்துக்கோ அரசாட்சிக்கோ வழங்கப்படவில்லை. செதுக்குவதற்கும் வார்ப்பதற்கும் வழங்கப்படுகிறது.

புதிய ஏற்பாட்டிலும் இதே போக்குத் தொடர்கிறது. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் இணையரோடு கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே போதிக்கிறார். ஐயாயிரம் பேருக்கான உணவு ஒரு சிறுவனின் ஐந்து வாற்கோதுமை அப்பங்களிலிருந்து தொடங்குகிறது. வாற்கோதுமை அக்காலத்தில் ஏழைகளின் தானியம் என்பது கவனிக்கத்தக்கது. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியவை அவள் தைத்துக் கொடுத்த அங்கிகள். அவளுடைய போதனை ஒன்றும் அங்கே நினைவுகூரப்படவில்லை. அவள் தையலே சாட்சியாக நின்றது. லூக்கா நற்செய்தியில் இயேசு கரையிலிருந்த மக்களுக்குப் பேச வேண்டியிருந்தபோது சீமோனின் படகில் ஏறி, அதைக் கரையிலிருந்து சற்றே தள்ளும்படி கேட்டுக்கொள்கிறார். இரவெல்லாம் உழைத்தும் மீன் அகப்படாத படகு அது. தொழிலில் தோற்றுப்போன ஒருவனுடைய கருவிதான் அன்றைய மேடையாயிற்று.

இச்சான்றுகள் பலமுறை பிரசங்கிக்கப்பட்டவை. ஆயினும் இவற்றோடு சேர்த்து வாசிக்க வேண்டிய வேறு இரண்டு பகுதிகள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன.

அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தில் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுகிறது. அப்போஸ்தலர்கள் அம்முறையீட்டை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்குமாறு சபையையே கேட்டுக்கொண்டார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். எவர் தரப்பிலிருந்து முறையீடு வந்ததோ, அத்தரப்பினரின் கைக்கே பங்கீட்டின் பொறுப்பு சென்றிருக்க வேண்டும் என்று விளக்கவுரையாளர் பலர் கருதுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் திரட்டிய காணிக்கை. அத்தொகையை அவர் தனியாக எடுத்துச் செல்லவில்லை. கொடுத்த சபைகள் தாங்களே நியமித்த ஆட்கள் உடன் வரவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பெருந்தொகையைக் கையாள்வதில் எவரும் குறை கூறாதபடி நடக்க வேண்டும் என்பதைக் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்திலேயே விளக்குகிறார். கொடுத்தவருக்கு அதன் செலவைக் காணும் உரிமை உண்டு என்பது இங்கே கொள்கையாகவே வைக்கப்படுகிறது.

ஆக, கையில் உள்ளதைக் கொடு என்று சொல்லும் அதே நூல், கொடுத்த கைக்கும் பெறும் கைக்கும் கணக்கில் இடம் கொடு என்றும் சொல்கிறது.

கைத்தொழிலும் சாதியும்

இந்த இறையியல் இந்திய மண்ணில் விழும்போது அதற்கொரு தனிக்கூர்மை கிடைக்கிறது. கையால் செய்யும் வேலையைத் தாழ்ந்தது என்று வகுத்து, அவ்வேலையைச் செய்வோரையும் தாழ்ந்தோர் என்று ஒதுக்கிய சமூகம் இது. தோல், களிமண், வலை, துடைப்பம் ஆகியவற்றைத் தொட்ட கைகள் கோயிலுக்கும் கிணற்றுக்கும் அப்பால் நிறுத்தப்பட்டன. அத்தகைய சமூகத்தில், தச்சராக வாழ்ந்தவரை ஆண்டவர் என்று அறிக்கையிடுவதும், கைவினையைத் தேவ ஆவியின் கொடை என்று வாசிப்பதும் வெறும் பக்திச் செயல்களாக நின்றுவிட முடியாது.

ஆனால் நிகழ்ந்தது வேறு. தேவாலயத்தினுள் தனி இருக்கை வரிசைகளும், கல்லறைத் தோட்டத்தில் பிரிவுச் சுவர்களும் இந்நாட்டின் பல பகுதிகளில் இருந்தன. சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. திருவிழா நாளில் வளாகத்தைக் கூட்டும் கையும் அப்பத்தைப் பகிரும் கையும் ஒரே வீதியிலிருந்து வருகின்றனவா என்று எந்தச் சபையிலும் கேட்டுப் பார்க்கலாம். யாருடைய திறன் "ஊழியம்" என்று மதிக்கப்படுகிறது, யாருடைய திறன் "வேலை" என்று கடந்து போகப்படுகிறது என்ற வினா அங்கேதான் தொடங்குகிறது.

தென்கன்னடக் கரைக்கு 1834இல் வந்த பாசல் மிஷனின் அனுபவமும் இதைத்தான் காட்டுகிறது. மதம் மாறியோர் தம் உறவையும் தொழிலையும் நிலத்தொடர்பையும் ஒருசேர இழந்தனர். அவர்களுக்குப் பிழைப்பு வேண்டியிருந்ததாலேயே நெசவாலைகளும், 1865இல் மங்களூரில் தொடங்கப்பட்ட ஓட்டுத் தொழிற்சாலையும் தோன்றின. மங்களூர் ஓடு என்று இன்றும் அழைக்கப்படும் அந்தக் கூரைப்பொருளின் பின்னால், நம்பிக்கை மாறியவரின் கைகளுக்கு வேலை தேடிய நெருக்கடி ஒன்று இருந்தது. களிமண்ணைக் கையாளும் திறன் அங்கே கௌரவம் பெற்றது. ஆயினும் ஆலையின் மேலாண்மை நெடுங்காலம் ஐரோப்பியர் கையிலேயே இருந்தது என்பதும் அந்த வரலாற்றின் பகுதியே.

ஒரு பிடி அரிசி

அன்றாட உடைமையிலிருந்து எழுந்த பணிக்கு இந்தியாவில் மிசோரமின் பிடியரிசி வழக்கத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது கடினம். மிசோ மொழியில் அதன் பெயர் பூஃபாய் தாம். பூஃபாய் என்பது அரிசி. தாம் என்பது ஒரு பிடி. 1910ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. வீட்டுப் பெண் ஒவ்வொரு வேளையும் உலை வைப்பதற்கு முன், குடும்பத்துக்கென அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலத்தில் இடுகிறாள். சபையின் பெண்கள் அதை வீடு வீடாகச் சென்று திரட்டுகின்றனர். திரட்டிய அரிசி விற்கப்பட்டு, பணம் சபைப் பணிக்குச் செல்கிறது.

இதன் எளிமை ஏமாற்றக்கூடியது. இவ்வழக்கம் தோன்றிய காலத்து மிசோ மலைகள் வறுமையில் இருந்தவை. ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, விளைச்சலை அழிக்கும் மௌதாம் பஞ்சம் அம்மக்களின் நினைவில் ஆழப் பதிந்தது. வழக்கம் தொடங்கிய அடுத்த ஆண்டிலேயே, 1911இல், அப்பஞ்சம் மீண்டும் வந்தது. அரிசி மிகுந்த நாட்டில் ஒரு பிடியை எடுத்து வைப்பதற்கும், பஞ்சத்தை எதிர்நோக்கும் வீட்டில் எடுத்து வைப்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. அக்காலத்து மிசோ குடும்பத்தில் பெண்ணுக்கென்று சொத்து இல்லை. மரபுவழிச் சட்டம் உடைமையை ஆணிடமே வைத்திருந்தது. அவளால் காணிக்கைப் பெட்டியில் நாணயம் இட இயலவில்லை. ஆனால் உலையில் இடும் அரிசியின் அளவு அவள் கையில் இருந்தது. தன் ஆளுகைக்குட்பட்ட அந்த ஒரே இடத்திலிருந்து அவள் கொடுத்தாள். இன்று அந்தப் பிடிகள் ஒன்றுசேர்ந்து ஆண்டுதோறும் பல கோடி ரூபாயாக வளர்ந்துள்ளன. வெளிநாட்டுப் பணத்தை நம்பியிராத ஒரு திருச்சபை அந்த மலைகளில் உருவானதற்கு அந்த அரிசிக்கலம் ஒரு முக்கியக் காரணம்.

பிடியரிசி கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டுத் திருச்சபைகளிலும் பிடியரிசிக் காணிக்கை உண்டு. காஞ்சி சங்கர மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகளும் பிடியரிசித் திட்டத்தை ஊக்குவித்தார். பசியை அறிந்த சமூகங்கள் அனைத்திலும் இந்த அறம் ஏதேனும் ஒரு வடிவில் வாழ்கிறது. கிறித்தவ நம்பிக்கை அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஓர் அறத்துக்கு ஆராதனையில் இடம் கொடுத்தது என்று சொல்வதே நேர்மை.

வெள்ளத்தில் வந்த படகுகள்

உடைமையோடு திறனும் சேரும்போது என்ன நிகழும் என்பதை 2018 ஆகஸ்டில் கேரளம் கண்டது. அணைகள் திறக்கப்பட்டு, பம்பை, பெரியாறு, சாலக்குடி ஆறுகள் ஊர்களுக்குள் புகுந்தபோது செங்கன்னூர், ஆறன்முளை, பறவூர் முதலிய இடங்களில் ஆயிரக்கணக்கானோர் மாடிகளிலும் கூரைகளிலும் சிக்கினர். அப்போது கொல்லம், திருவனந்தபுரம், ஆலப்புழைக் கரையோரங்களிலிருந்து மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்தனர். அரசின் கணக்குப்படி ஏறத்தாழ 670 படகுகளும் 4,500க்கும் மேற்பட்ட மீனவர்களும் அப்பணியில் இறங்கி, சுமார் 65,000 பேரை மீட்டனர். மாநிலத்தின் சொந்தப் படை என்று முதலமைச்சர் அவர்களைப் பாராட்டினார்.

அவர்களுள் மிகப்பலர் இலத்தீன் கத்தோலிக்கர். பங்குக் கோயில்கள் வழியாகச் செய்தி பரவியது. பங்குத் தந்தையர் லாரி தேடினர். முஸ்லிம், இந்து மீனவரும் தோளோடு தோள் நின்றனர். மக்கள் படகில் ஏறுவதற்காக நீரில் குனிந்து தன் முதுகையே படியாக்கிய மீனவரின் காட்சி நாடெங்கும் பரவியது. அவர் மலப்புறம் கரையைச் சேர்ந்த முஸ்லிம். ஆகவே அந்த மீட்பை ஒரு சமயத்தின் சாதனையாக எழுதுவது உண்மைக்கு மாறானது. கரையோரக் கத்தோலிக்கரைப் பொறுத்தவரை, ஞாயிறுதோறும் கேட்ட அயலானைக் குறித்த போதனை அவர்தம் அன்றாடக் கருவியோடு இணைந்த தருணம் அது என்று மட்டும் கூறலாம்.

அங்கே பயன்பட்டது நல்லெண்ணம் மட்டுமன்று. வெள்ளநீரின் அடியில் மதிற்சுவர் எங்கே மறைந்திருக்கிறது, இழுவை எந்தப் பக்கம், இயந்திரத்தை எப்போது நிறுத்தித் துடுப்பைக் கையில் எடுக்க வேண்டும், எத்தனை பேர் ஏறினால் படகு தாங்கும் என்பவையெல்லாம் பல்லாண்டுக் கடலறிவிலிருந்து வந்தவை. சான்றிதழ் இல்லாத அறிவு அது. கல்விக்கூடங்கள் "திறனற்ற உழைப்பு" என்று வகைப்படுத்தும் தொகுதிக்குள் அந்த அறிவு எளிதாக மறைந்துவிடுகிறது. சேவை குறித்த பேச்சில் அடிக்கடி மறக்கப்படும் உண்மை இது: அன்றாடத் திறன் என்பது எளிய திறன் என்று பொருள்படாது. மனமிருந்தும் கடலறியாத ஒருவர் அன்று படகைச் செலுத்தியிருந்தால் உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும். தன் தொழிலை நன்றாகச் செய்வதே பிறர்க்குச் செய்யும் முதல் பணி என்ற பழைய போதனையின் பொருள் அங்கே விளங்கியது.

இந்த மீட்புக்கு ஒன்பது மாதங்களுக்கு முன் அதே கரைகளில் நடந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது தென்கேரளத்தின் மீனவரும் குமரி மாவட்டத்து மீனவரும் நடுக்கடலில் சிக்கினர். எச்சரிக்கையும் மீட்பும் காலந்தாழ்ந்தன என்ற சினம் கரையெங்கும் எழுந்தது. காணாமற்போனோரைத் தேடி மீனவர்களே தம் படகுகளில் கடலுக்குச் சென்றனர். தமக்கு உரிய நேரத்தில் உதவி வரவில்லை என்று நம்பிய மக்கள்தாம், அடுத்த ஆண்டு பிறர்க்கு உரிய நேரத்தில் உதவச் சென்றனர்.

புகழுக்குப் பின்

இங்கேதான் இரண்டாம் பகுதியின் வினா எழுகிறது. கொடுத்த கைகளுக்கு அதன் பின் என்ன ஆயிற்று?

கேரளக் கரையில் பாராட்டு விழாக்கள் நடந்தன. ஆனால் கடலரிப்பால் வீடிழந்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கிடங்குகளில் வாழ நேர்ந்தது. 2022இல் விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானத்தை எதிர்த்து இலத்தீன் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர் மாதக்கணக்கில் போராடியபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன் வீரர் எனப்பட்டவர்கள் வளர்ச்சியின் பகைவர் எனப்பட்டனர். துறைமுகம் குறித்து எந்தக் கருத்தும் ஒருவர் கொள்ளலாம். கடலைப் பற்றிய மீனவரின் அறிவு உயிர்காக்கும்போது ஏற்கத்தக்கதாகவும், கரையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது புறக்கணிக்கத்தக்கதாகவும் இருப்பது எவ்வாறு என்ற வினாவுக்கு விடை தேவை.

மிசோரமில் அந்த வினா திருச்சபைக்குள்ளேயே எழுகிறது. பிடியரிசியைத் திரட்டியவர் பெண்கள்; விற்றவர் பெண்கள்; ஊழியர் பலரின் ஊதியமும் மருத்துவ, கல்விப் பணிகளும் அதனால் தாங்கப்பட்டன. ஆனால் அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் திருச்சபையில் அருட்பொழிவு பெற்ற போதகர் நிலை நெடுங்காலமாக ஆண்களுக்கே உரியதாக இருந்து வருகிறது. முடிவெடுக்கும் மன்றங்களிலும் பெண்களின் குரல் மிக மெலிந்தது. மிசோ பெண் இறையியலாளர்கள் இம்முரணைப் பலகாலமாகச் சுட்டி வருகின்றனர். அடுப்படியிலிருந்து வந்த அரிசி ஆலயத்தினுள் நுழையும். அரிசியை இட்ட கை பலிபீடத்தருகே நிற்கலாகாது என்றால், அது எருசலேம் காணிக்கைக்குப் பவுல் செய்த ஏற்பாட்டோடு எப்படிப் பொருந்தும்?

ஆந்திரத்தின் நரசாபுரம் இன்னும் கசப்பான பாடத்தைத் தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிக் குடும்பத்துப் பெண்கள் கோதாவரிக் கரையின் ஏழைப் பெண்களுக்குச் சரிகைப்பின்னல் வேலையைக் கற்பித்தனர். நோக்கம் இரக்கம். அத்தொழில் வளர்ந்து ஏற்றுமதியாயிற்று. மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு அதன் மறுபக்கத்தைக் காட்டியது. பின்னியோர் பெண்கள், வாணிகமும் ஆதாயமும் ஆண்களிடம். வீட்டில் இருந்தபடி செய்வதால் அது உழைப்பு என்றே கருதப்படவில்லை. இல்லத்தரசியின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று கணிக்கப்பட்டு, கூலியும் அதற்கேற்ப மிகக் குறைவாக நிறுத்தப்பட்டது. ஊசியைக் கையில் கொடுத்த இரக்கம், அந்த ஊசியின் விளைச்சலை யார் அனுபவிப்பது என்பதைக் கேட்க மறந்தது. தொற்காளின் தையலை விதவைகள் தம் உடலில் அணிந்திருந்தனர். நரசாபுரத்துப் பெண்கள் பின்னியது தொலைதூர நாடுகளின் மேசைகளை அலங்கரித்தது.

இதற்கு மாற்றான ஒரு முயற்சியாகப் பண்டித ரமாபாயின் பணியைக் கருதலாம். சமற்கிருதப் புலமையால் பண்டிதை என்ற பட்டம் பெற்ற அவர், 1889இல் மும்பையில் விதவையருக்காகச் சாரதா சதனைத் தொடங்கினார். 1896-97 பஞ்சத்துக்குப் பின் கேட்காமில் முக்தி இல்லம் பெருகியது. அங்கே அடைக்கலம் பெற்ற பெண்கள் நெசவு, தையல், பால்பண்ணை, எண்ணெய் ஆட்டுதல், அச்சுக்கோப்பு ஆகியவற்றைக் கற்றனர். பார்வையற்றோர் கூடை முடைந்தனர், புடைப்பெழுத்தில் வாசித்தனர். ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் பயின்று திருமறையை மராத்தியில் மொழிபெயர்த்தபோது அதை அச்சுக்கோத்த கைகள் அப்பெண்களுடையவை. அந்த இல்லத்துக்கும் குறைகள் உண்டு. அதன் சமயக் கட்டுப்பாடுகள் அக்காலத்திலேயே விவாதிக்கப்பட்டன. எனினும் பெறுபவளை என்றென்றும் பெறுபவளாகவே வைத்திருக்காத ஒரு முறை அங்கே இருந்தது. காப்பாற்றப்பட்டவள் கற்றாள், கற்றவள் அடுத்து வந்தவளுக்குக் கற்பித்தாள்.

ஓர் ஐயமும் அதன் விடையும்

இத்தகைய சேவைகளின் பின்னே மதமாற்ற நோக்கம் மறைந்திருக்கிறது என்ற ஐயம் இந்தியாவில் வலுவானது. 1967இல் ஒடிசாவும் 1968இல் மத்தியப் பிரதேசமும் இயற்றிய சட்டங்களைத் தொடர்ந்து பல மாநிலங்கள் தூண்டுதலால் நிகழும் மதமாற்றத்தைக் குற்றமாக்கியுள்ளன. இச்சட்டங்கள் எளியோரின் மனச்சான்றுரிமையைக் குறைத்து மதிப்பிடுகின்றன என்ற எதிர்வாதமும் வலுவானதே. அவ்விவாதம் நீதிமன்றங்களில் தொடரட்டும். அறத்தின் தளத்தில் கிறித்தவர்க்குரிய விடை சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

நிபந்தனையோடு கொடுக்கப்படுவது கொடை ஆகாது, அது விலை. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்ற போதனையை ஏற்றவர்க்கு, உதவி பெற்றவரின் நன்றியைக்கூட எதிர்பார்க்க உரிமையில்லை. அவருடைய மனமாற்றத்தை எதிர்பார்ப்பது அதனினும் தகாது. அன்றாட உடைமையால் செய்யும் பணிக்கு இங்கே ஓர் இயல்பான பாதுகாப்பு உண்டு. தன் பங்கிலிருந்து ஒரு பிடியைக் கொடுப்பவரிடம் பிறரை ஆட்டிப்படைக்கும் வலிமை மிகக் குறைவு. வெள்ளத்தில் படகோட்டியவர் ஏறியவரின் சமயத்தைக் கேட்கவில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை. ஐயத்துக்கு இடம் தருவது பெரும்பாலும் பெருந்தொகையும் பெருநிறுவனமும் விளம்பரமும் கூடும் இடமே. பெறுபவரை நிற்கவைத்துப் படமெடுத்து வெளியிடும் வழக்கம், எந்தச் சமயத்தினர் செய்தாலும், கொடையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் செயலே.

கல்விப்புலத்தின் கை

இவ்வளவும் வாசிக்கும் ஆய்வாளரும் மாணவரும் தம்மைப் பார்வையாளராக எண்ணிவிடுவது எளிது. அரிசிக்கலமும் படகும் ஊசியும் பிறருடைய கருவிகள் என்று தோன்றலாம். கல்விப்புலத்துக்கும் ஒரு கை உண்டு. அதன் அன்றாடத் திறன்கள் வாசித்தல், எழுதுதல், மொழிபெயர்த்தல், விளக்குதல்.

இவை பல்கலைக்கழக வளாகத்துக்குள் மதிப்பெண்ணுக்கும் பதவி உயர்வுக்கும் உரிய நாணயமாக மட்டும் புழங்குகின்றன. வளாகத்தின் மதிலுக்கு வெளியே இவற்றின் விலை வேறு. பார்வையற்ற தேர்வர் ஒருவர் சொல்லச் சொல்ல எழுத ஆள் கிடைக்காமல் அலைவது இந்நாட்டில் ஒவ்வொரு தேர்வுக் காலத்திலும் நிகழ்கிறது. உதவித்தொகை விண்ணப்பத்தின் ஆங்கிலம் புரியாமல் காலக்கெடுவைத் தவறவிடும் முதல் தலைமுறை மாணவர் ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு. நிலப்பத்திரத்தையும் நீதிமன்ற அறிவிப்பையும் மருத்துவ அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஒருவரைத் தேடும் புலம்பெயர் தொழிலாளர் ஒவ்வொரு நகரத்திலும் உண்டு. அரைமணி நேர வாசிப்பு அவருக்கு ஒரு பிடி அரிசியைவிடப் பெரிது. இதற்கு நிதியோ திட்ட ஒப்புதலோ தேவையில்லை. நன்றாகச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் உண்டு. அரைகுறையாக நிரப்பிய விண்ணப்பம் உதவியாகாது.

ஆய்வாளர்க்கு மட்டுமே உரிய பணியும் ஒன்று எஞ்சியிருக்கிறது. மிஷன் வரலாற்றை எழுதும்போது நிறுவனரின் நாட்குறிப்போடு நின்றுவிடாமல், சபைக் கணக்கேட்டின் சிறு வரிகளையும் வாசிப்பது அப்பணி. யார் அரிசி கொடுத்தார், யார் ஓடு சுமந்தார், யார் அச்சுக்கோத்தார், அவர்க்கு என்ன கூலி, எந்தக் கூட்டத்தில் அவர்க்கு வாக்கு இருந்தது என்று கேட்கும் ஆய்வு, கல்விப்பணியாகவும் நீதிப்பணியாகவும் ஒருங்கே அமையும். தகவல் தந்தவரின் பெயரை நன்றியுரையின் இறுதி வரியில் அடக்கிவிட்டு அறிவுக்கு உரிமை கோரும் ஆய்வேடும், அரிசியை வாங்கிக்கொண்டு வாக்கை மறுக்கும் மன்றமும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள்.

சபைகள் இதற்குச் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. காணிக்கை எங்கிருந்து வருகிறதோ அங்கிருப்போரைச் செலவுக் குழுவில் அமர்த்தலாம். வீட்டிலும் ஆலயத்திலும் நிகழும் கைவேலைகளுக்கு ஞாயிறு மன்றாட்டில் தரும் இடத்தை ஆண்டுக் கணக்கறிக்கையிலும் தரலாம். கூலிக்குரிய வேலையைக் "காணிக்கையாக" எளியோரிடம் கேட்பதை நிறுத்தலாம். வசதி படைத்தோர் தம் கையால் ஏதேனும் செய்யும்படி கேட்கலாம். போதகர் நிலை யாருக்கு உரியது என்பதை, அதைத் தாங்கும் அரிசி யாருடையது என்பதையும் சேர்த்து விவாதிக்கலாம்.

மோசேயிடம் கேட்கப்பட்ட வினா அவன் கையில் உள்ளதைப் பறிப்பதற்காகக் கேட்கப்படவில்லை. தரையில் போட்ட கோலை மீண்டும் எடுத்துக்கொள்ளும்படியே அவனுக்குச் சொல்லப்பட்டது. எகிப்துக்கு அவன் அந்தக் கோலோடுதான் போனான். கொடுத்தவரின் கையைக் காலியாக்கிவிடும் சேவைக்கு அந்தக் கதையில் ஆதாரம் இல்லை.